எழுதினவர்கிட்டயே சொல்லு

அக்கா கதவைத் திறந்ததும் 'வா' என்று சொல்லவில்லை. தங்கையின் கையிலிருந்த சாவிக்கொத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். தோளில் கிடந்த துவாலையில் அதைச் சுற்றிப் பொதிந்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல வாசலோரத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள். அதற்கப்புறம்தான் தலை நிமிர்ந்தாள். அப்போதும் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள்.

"செருப்பைக் கையில எடுத்துக்கோ. காலைத் தேய்க்காம வா."

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி வருகிற தங்கைக்கு இதுதான் வரவேற்பு. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கதவு சாத்தப்பட்டதும், யாரோ கழுத்தைப் பிடித்து நெரித்த மாதிரி அந்தச் சத்தமெல்லாம் ஒரேயடியாக நின்றது.

வந்தவளுக்கு, வேலை செய்யும் பதிப்பகத்தில் கத்தரி என்று பெயர். கத்தரிக்காயின் கத்தரி இல்லை, கத்தரிக்கோலின் கத்தரி. நேரில் மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் கத்தரிதான். அவளிடம் போன கைப்பிரதி பாதியாக இளைத்துத்தான் திரும்பும் என்று புதிதாக எழுத வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு நடுக்கம். அவளுக்கும் அது தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. எழுதியவரை எதிரே உட்கார வைத்து, எது நன்றாக வந்திருக்கிறது, எது வரவில்லை, எப்படிச் சரிசெய்யலாம் என்று, அவர் அழாமல் வீட்டுக்குப் போய் மறுபடி எழுதும்படியாகச் சொல்வதுதான் அவள் வேலை. பெரும்பாலும் அழுதுவிட்டுத்தான் போனார்கள்.

இன்று வந்ததும் அந்த வேலைக்குத்தான். எழுதியவர் அத்தான், அக்காவின் கணவர். காது கேட்கும் திறனைப் பரிசோதித்துக் கருவி பொருத்துகிறவர். வீட்டின் முன்பாதிதான் அவருடைய பரிசோதனை நிலையம். கதை படிப்பதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்கள் காரியம் என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷர், போன மாதம் தலையணை கனத்துக்கு ஒரு மாயாஜால நாவலைத் தட்டச்சு செய்து பார்சலில் அனுப்பியிருந்தார். கூடவே அக்காவிடமிருந்து போன். படித்துவிட்டு நேரில் வந்து சொல், எழுதி அனுப்பாதே என்று கிசுகிசுத்தாள். உனக்குத்தான் எதிலும் குற்றம் கண்டுபிடிக்கத் தெரியுமே, வந்து கண்டுபிடி என்றாள். அதில் கெஞ்சலைவிடக் குத்தல்தான் அதிகம். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பழைய மனத்தாங்கல் போன் வழியாகவே காதைச் சுட்டது.

தலையில் சுற்றிய துணியோடு அக்கா முன்னால் நடந்தாள். கத்தரி பின்னால் போனாள். போகப் போக அவளுக்கு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. நாற்காலிக் கால்கள் எல்லாவற்றுக்கும் கிழிந்த காலுறைகள் மாட்டியிருந்தன. சுவர்க் கடிகாரத்தில் முள்கள் இருந்தன, ஓட்டம் இல்லை. சமையலறைக் குழாயின் வாயில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒழுகும் தண்ணீர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, சொட்டாமல், சத்தமில்லாமல் தொட்டிக்குள் வழிந்துகொண்டிருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் செருகி பிடுங்கிக் கிடந்தது. கதவு லேசாகத் திறந்திருக்க, உள்ளேயிருந்து புளித்த நெடி. அதற்கும் மேலே, பழைய கம்பளத்தின் தூசி வாசனையும், காதின் அச்சு எடுக்கக் குழைக்கிற பசையின் தித்திப்பான ரப்பர் வாசனையும் வீடு முழுக்கத் தேங்கி நின்றன. ஜன்னல்களைத் திறந்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

அக்கா திரும்பிப் பார்க்கவேயில்லை. கேள்வி முதுகில் பட்டுக் கீழே விழுந்தது.

அத்தான் பரிசோதனை அறையில் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. வா என்று தலையை மட்டும் அசைத்தார். எதிர் நாற்காலியைக் காட்டிவிட்டு, இடது காது அவள் பக்கம் இருக்கும்படி தானும் கோணலாகத் திரும்பி உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அக்கா கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். வெளியே போகும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறாளோ என்று கத்தரிக்கு ஒரு கணம் தோன்றியது. சீ, அக்காதானே என்று அந்த நினைப்பைத் தள்ளினாள்.

பையிலிருந்து நாவலை எடுத்து மடியில் வைத்தாள். தாள் புரளும் சத்தத்துக்கே அத்தானின் தோள்பட்டை துள்ளியது.

எப்போதும்போல நல்லதில் தொடங்கினாள். உப்பால் ஆன அந்த நாடு தன்னை மலைக்க வைத்தது என்றாள். உப்புப் பாளங்களுக்கு அடியில் குடிகள் ஒருவரோடொருவர் பேசாமல், சுவரில் காதை வைத்துக்கொண்டே வாழ்கிறார்கள். சுவருக்குப் பின்னால் இருக்கும் அரசனை யாரும் பார்த்ததில்லை, கேட்க மட்டும்தான் முடியும். இதெல்லாம் அனுபவப்பட்ட எழுத்தாளர்களுக்கே லேசில் வராது என்றாள். அது முகஸ்துதி இல்லை, மெய்தான். அப்புறம் மெல்ல, ஆனால் என்று இழுத்தாள்.

நூறு பேரிடம் 'ஆனால்' சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல்லுக்கு முகங்கள் எப்படிச் சுருங்கும் என்று அவளுக்கு மனப்பாடம். அத்தானின் முகம் சுருங்கவில்லை. யாருக்கோ வந்த கடிதத்தைத் தவறுதலாக வாங்கிக்கொண்டவர் மாதிரி விழித்தார்.

"இதை என்கிட்ட சொல்லாத," என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. "எழுதினவர்கிட்டயே சொல்லு."

"நீங்கதானே அத்தான் எழுதினது?"

"நான் கேட்டு எழுதினவன்."

கையை நீட்டிக் காட்டினார்.

அறையின் கோடியில் அது நின்றது, ஒரு பெரிய பீரோ அளவுக்கு. சத்தம் புகாத பரிசோதனைக் கூண்டு. காது சோதிக்க வருகிறவர்களை உள்ளே உட்கார வைத்துக் கனத்த கதவைச் சாத்துவார்கள். தலையில் ஒலிப்பானை மாட்டிவிட்டு, கையில் ஒயர் கட்டிய ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். சின்னதாக ஏதாவது சத்தம் கேட்டால் அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் வெளியே மேசை மேல் இருக்கும் கருவியில் பச்சை விளக்கு எரியும். அக்கா கல்யாணமான புதிதில் கத்தரியும் வேடிக்கையாக உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். இப்போது அதன் இரட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் இருட்டு மட்டும் தெரிந்தது.

அத்தான் சொன்னார், துண்டு துண்டாக, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. கருவியைச் சரிபார்ப்பதற்காக ஒரு நாள் தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். அந்த நிசப்தத்தில் முதலில் தன் ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது, எல்லோருக்கும் கேட்பதுதான். அதற்கும் அடியில் வேறொன்று கேட்டது. யாரோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவிலிருந்து, ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டே இருப்பதுபோல. யார் என்று கேட்டதும் அது நிறுத்தியது. பிறகு முதலிலிருந்து தொடங்கியது.

"எழுத மாட்டேன்னு ஒரு நாள் சொன்னேன். மறுநாள் காலையில இந்தக் காது செத்துப்போச்சு." வலது காதைத் தொட்டார். "நானே சோதிச்சுப் பார்த்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. உலகத்துல ஒரு சத்தமும் அதுல விழல. அது சொல்றது மட்டும் விழுது."

கத்தரி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். இவருக்குப் புத்தி பிசகிவிட்டது, நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அந்தப் பார்வையிலேயே கேட்டாள். அக்கா பதிலுக்குத் தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள்.

இரண்டு காதுத் துளைகளையும் அச்சுப் பசை அடைத்திருந்தது. ரோஜா நிறத்தில், கல்லாக இறுகி, மடல்வரை வழிந்து. சுற்றிலும் நகக் கீறல்கள், சில பழையவை, சில இன்னும் ஈரமாக.

"எழுதினதை ராத்திரி ராத்திரி உட்கார்ந்து அதுக்கே வாசிச்சுக் காட்டறது நான்தான்," என்றாள் அக்கா. தன் குரல் தனக்கே கேட்காததால் அது ஏறி இறங்கி நொண்டியது. "எப்படி இருக்குன்னு கேக்கும். காதை இப்படி அடைச்சும் அது குரல் உள்ள விழும். நல்லா இருக்குன்னு சொல்லுவேன். பொய்யின்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. உண்மையைச் சொல்ற ஆள் வேணும்னு கேட்டுச்சு. எனக்கு உன்னை விட்டா யாருடி இருக்கா?"

அவள் வாயிலிருந்து தங்கைக்கு இதுவரை கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதையும் பகையாளியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

கத்தரி ஒரு முடிவுக்கு வந்தாள். இரண்டு பேரும் மாறி மாறி ஒருவரையொருவர் பைத்தியமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். எதிர்த்துப் பேசி லாபமில்லை. இவர்கள் இஷ்டப்படி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான். எழுந்து போய்க் கருவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். உள்ளே இருப்பவரோடு பேசுவதற்கு அதில் ஒரு ஒலிவாங்கி இருந்தது. அத்தான் விசையைத் தட்டினார்.

"வணக்கம்," என்றாள் கத்தரி.

பச்சை விளக்கு எரிந்தது.

எரிந்து, அணைந்தது. ஒயர் எங்கோ உரசுகிறது என்று நினைத்தாள். எழுந்து கண்ணாடியருகே போனாள். கைகளைக் குவித்து முகத்தைப் பதித்து உள்ளே பார்த்தாள். இருட்டு பழகக் கொஞ்ச நேரமானது. நாற்காலி காலியாக இருந்தது. ஒலிப்பான் கொக்கியில் தொங்கியது. பொத்தான் நாற்காலியின் இருக்கையில் மல்லாந்து கிடந்தது. யாரும் இல்லை. பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சில் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தபோது, பொத்தானின் கறுப்புக் குமிழ் மெதுவாக, ஒரு விரலின் கனத்தில், உள்ளே அமுங்கியது.

அவளுக்குப் பின்னால் சுவரில் பச்சை வெளிச்சம் படர்ந்தது.

ஓடியிருக்கலாம். ஆனால் கதவில் அக்கா நின்றாள், நகராமல். கால்கள் தாமாகவே கத்தரியை நாற்காலிக்குத் திருப்பிக் கொண்டுவந்தன. பயத்தில் மனிதர்கள் பழகிய காரியத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அவளுக்குப் பழகியது ஒன்றுதான். நாவலைத் திறந்தாள்.

உப்பு நாட்டைப் புகழ்ந்தாள். விளக்கு சின்னதாக மினுக்கியது. கடலடியில் நடக்கும் ஊர்வலத்தைச் சொன்னாள். மறுபடி மினுக்கியது, சற்று வேகமாக. ஆசையோடு தலையாட்டுகிற ஒரு கிழவரை எதிரே உட்கார வைத்துப் பேசுவது போலவே இருந்தது. அந்த நினைப்பே அவள் முதுகுத்தண்டில் ஈரம்போல இறங்கியது. இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அக்காவைப் பார்த்தாள். அக்கா அவள் உதடுகளையே பார்த்தபடி தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதடி. அதைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இந்தக் கதி."

ஆகவே சொன்னாள். அரசர்களின் வம்சாவளி தொடக்கத்திலேயே வந்து கழுத்தை அறுக்கிறது, அதை எடுத்துவிடலாம். விளக்கு எரியவில்லை. போர் மூன்று முறை நடக்கிறது, ஒன்று போதும். எரியவில்லை. சுவருக்குப் பின்னால் இருக்கும் அரசன் எப்படிப்பட்டவன் என்று பக்கம் பக்கமாக அவனே சொல்லிக்கொள்வதால் பயம் போய்விடுகிறது. அந்த இடத்தில் விளக்கு எரிந்தது. எரிந்தது அணையவில்லை.

கூண்டின் பக்கமிருந்து சத்தம் வரவில்லை. வரவும் முடியாது. ஆனால் அறையின் காற்று இறுகியது. மலைப்பாதையில் வண்டி இறங்கும்போது அடைப்பதுபோல அவள் காதுகள் அடைத்தன. எச்சில் விழுங்கினாள். விலகவில்லை. அத்தான் வலது காதைப் பொத்திக்கொண்டு முழங்கால்மேல் குனிந்தார். பொத்தி என்ன பயன்.

"சொல்லி முடி," என்று முனகினார். "முழுசா கேக்கணுமாம்."

அவளுக்குள் ஏதோ ஒன்று முரண்டு பிடித்தது. பயம்தான், ஆனால் பயத்துக்குள்ளே ஒரு எரிச்சல். அக்காவின் காதுகளில் இருந்த கீறல்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை. நாவலை மூடி வைத்தாள். ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தாள். வீட்டில் யாரும் ரொம்ப நாளாகப் பேசாத உரத்த குரலில் பேசினாள்.

"உங்க கதையில எல்லாரும் ஒரே குரல்ல பேசறாங்க. உங்க குரல்ல. ராணிக்கு ஒரு ஆசை இல்ல. குடிகளுக்கு ஒரு கோபம் இல்ல. நீங்க வாயைத் திறக்கணும்னு காத்திருக்கறதைத் தவிர யாருக்கும் ஒரு வேலையும் இல்ல. கேக்கறவங்களும் மனுஷங்கன்னு தெரியாதவரைக்கும் உங்களுக்கு எழுத வராது."

விளக்கு எரிந்தது.

பச்சை வெளுத்தது. வெள்ளையானது. கண்ணாடிக்குள், நாற்காலியின் மேல், பொத்தான் அமுங்கி, மேலும் அமுங்கி, ஓடு விரிந்து, இரண்டாகப் பிளந்தது. ஒயர் விறைத்து நின்றது, மூலையில் இருந்து யாரோ இழுப்பதுபோல.

அணைந்தது.

எதுவும் இல்லை.

அத்தான் மெல்ல நிமிர்ந்தார். தலையைச் சாய்த்தார். எதையோ தேடுவதுபோல வலது காதின் பக்கம் கண்களை ஓட்டினார். விரலை எடுத்து அந்தக் காதருகே சொடுக்கினார். அவர் முகம் உடைந்தது. கண்களிலிருந்து நீர் கொட்டியது. வாய் கோணி, பற்கள் தெரிய, அவர் சிரிக்கிறார் என்று கத்தரிக்குப் புரியவே நேரமாயிற்று. அக்கா நகத்தை விட்டு நெம்பிப் பசையைப் பிடுங்கினாள். தோலோடு வந்தது. தரையில் எறிந்தாள். நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அத்தான் மேசையை இரண்டு கையாலும் அறைந்தார். அதன் மேல் இருந்த கண்ணாடிக் குடுவைகள் உருண்டு விழுந்து நொறுங்கின.

சத்தமில்லாமல் நொறுங்கின.

கத்தரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குடுவை. இன்னொன்று. சில்லுகள் சிதறின. சத்தமில்லை.

கை தட்டினாள். உள்ளங்கை எரிந்தது. சத்தமில்லை.

"அக்கா," என்றாள். தொண்டை அதிர்ந்தது. அவ்வளவுதான்.

அக்கா திரும்பினாள். இப்போது கண்ணைப் பார்த்தாள். கதவை விட்டு விலகி வழிவிட்டாள்.

கத்தரி ஓடினாள். தடுக்கினாள். எழுந்து ஓடினாள். வாசற்கதவைத் திறந்து தெருவில் வந்து விழுந்தாள். தெருவிளக்குகளை ஏற்றியிருந்தார்கள். வண்டிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு நாய் அவளைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பெட்டிக்கடைக்காரர் என்னம்மா என்பதுபோல உதட்டை அசைத்தார். பேருந்து ஒன்று முழங்கைக்குப் பக்கத்தில் உரசிக்கொண்டு போனது. காற்று மட்டும் அடித்தது.

திரும்பிப் பார்த்தாள். வீட்டில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. உள்ளே விளக்கு வெளிச்சத்தில் அக்காவும் அத்தானும் எதிரும் புதிருமாக நின்று கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள், கழுத்து நரம்பு புடைக்க, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி. அக்கா ஜன்னலருகே வந்தாள். தங்கை தெருவில் நிற்பதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

அப்போதுதான் காதுக்குள் கேட்டது. ரொம்பப் பக்கத்தில். ஈரமாக, யாரோ எச்சில் கூட்டி விழுங்கினார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

அதன் குரலில் கோபம் இல்லை. அவள் சொன்னபடியே வம்சாவளியை எடுத்துவிட்டது. நேராக உப்புச் சுவரில் தொடங்கியது. அந்தச் சுவரில் காதை வைத்து நிற்கும் ஒரு பெண்ணைச் சொன்னது. அவளுக்கு இப்போது ஓர் ஆசை இருந்தது. வெளியே போக வேண்டும் என்ற ஆசை. அவளுக்கென்று ஒரு குரலும் இருந்தது. அந்தப் பெண் பேசினாள். கத்தரியின் குரலில், அவள் இழுத்துப் பேசும் அதே 'ஆனால்' தொண்டையில் சிக்க, பேசினாள்.

முதல் வாக்கியம் முடிந்தது.

நிறுத்தியது.

"இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டது. "அவசரம் இல்ல. யோசிச்சுச் சொல்லு."

கத்தரி நடுத்தெருவில் நின்றாள். பின்னாலிருந்து வந்த வண்டியின் வெளிச்சத்தில் அவள் நிழல் அவளுக்கு முன்னால் நீண்டது. மெலிந்தது. இன்னும் நீண்டது. எதிர்ச்சாரியில் நின்றவர்கள் எல்லோரும் அவளை நோக்கிக் கைகளை வீசி வாயைத் திறந்தார்கள்.

அவள் பதிலை யோசித்துக்கொண்டிருந்தாள்.